அசனத்துப் பூசணி

ஆலயத்தின் அசன விருந்துக்கு வீட்டுக்கொரு அரிவாளோடு வந்து காய் வெட்டிக் கொடுப்பது ஊர் வழக்கம். மாசிலாமணியின் வீட்டில் இருந்தது ஒரே அரிவாள். அவருடைய தம்பியை வெட்டிக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போன வேதமுத்து திரும்பி வரும் நாளுக்காக அவர் தீட்டித் தீட்டி வைத்திருந்தது. வாளும் பட்டயமும் மண்வெட்டிகளாகும் காலம் வரும் என்று காலையில் போதகர் வாசித்தபோது, அது எந்தக் காலமோ என்றுதான் நினைத்தார்.

"ஆண்டவர நேசிக்கேன்னு பாடுனா மட்டும் போதுமா? அவரு சொன்னதச் செய்ய வேண்டாமா?" என்று மனைவி எப்சிபாதான் அதைப் பரணிலிருந்து இறக்கிக் கையில் கொடுத்தாள்.

பந்தலில், விடுதலையாகி வந்திருந்த வேதமுத்து, வெட்டுவதற்குப் பூசணிக்காயைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் பிடரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாசிலாமணி அரிவாளை ஓங்கினார். காய் நறுக்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. வேதமுத்து நகரவில்லை.

பூசணி பிளந்து, விதைகள் இருவர் முகத்திலும் தெறித்தன.

"நல்ல கூரா இருக்குண்ணே," என்றான் வேதமுத்து, மெதுவாக.

"பூசணிக்குன்னு தெரிஞ்சிருந்தா இம்புட்டுத் தீட்டியிருக்க மாட்டேம்லே."

முதலில் சிரித்தவள் எப்சிபா. பிறகு பந்தல் முழுவதும் சிரித்தது. கன்னத்தில் ஒட்டிய விதையைத் துடைக்காமலே மாசிலாமணி சொன்னார்: "அடுத்தத வைலே."