தாழ்ப்பாள்

"பாப்பா எந்திரிப்பா! பெட்டியைத் தூக்கிட்டுப் போங்க எல்லாரும்!"

தாழ் போட்ட அறைக்குள்ளிருந்து குரல் வெடித்தது. தோளில் சுமந்து வந்த சின்னப் பெட்டியைத் தச்சர் சத்தமில்லாமல் கூடத்தில் இறக்கினார்.

சவப்பெட்டி செய்கிற தொழிலில் அவர் பார்க்காத அழுகை இல்லை. ஆனால் அளவெடுக்க உடம்பைக் காட்டாமல், குழந்தையின் பள்ளிச் சீருடையைக் கொடுத்தனுப்பிய வீடு இதுதான் முதல். அதை விரித்து வைத்துத்தான் பலகை அறுத்தார்.

நேற்றுக் காலை காய்ச்சலில் போய்விட்டது குழந்தை. அப்போதே அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்ட அப்பாக்காரர் இன்னும் திறக்கவில்லை. தாய் சுவரோரம் துவண்டு கிடந்தாள். கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே இருப்பவரின் தம்பி. வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கட்டிப்போன தொண்டை.

"அண்ணே, வெயில் ஏறுது. இன்னைக்கு அடக்கம் பண்ணலன்னா சுகாதார ஆபீஸ்காரங்க வந்து கதவை உடைப்பாங்க. பாப்பாவை அவங்க கையிலயா குடுக்கப் போறீங்க?"

"காஞ்ச எலும்புக்கே உயிர் வந்ததைப் பைபிள்ல தீர்க்கதரிசி கண்ணால பாத்தாரா இல்லையா? என் பிள்ளை முழுசா இருக்காடா! ஏன் எந்திரிக்க மாட்டா?"

தச்சர் திகைத்துப்போய்ப் பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்தார்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் எப்பவும் இதே சண்டைதாங்க" என்று அந்தம்மா கிசுகிசுத்தாள். "ஒருத்தர் காலேஜ்ல பைபிள் எழுதின பழைய பாஷையெல்லாம் சொல்லித்தர்ற பேராசிரியர். இன்னொருத்தர் தெருத்தெருவா மைக் வச்சுப் பிரசங்கம் பண்றவர். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு உக்காந்தா தட்டு காஞ்சு போகும், பேச்சு ஓயாது."

மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? மைக் பிரசங்கியார்தான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தச்சர் முடிவு கட்டிவிட்டார். பக்தி முற்றிப்போனால் பெற்றவளின் தவிப்புகூடவா கண்ணில் படாது என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. படித்தவர் ஒருவராவது வீட்டில் இருக்கிறாரே என்று கொஞ்சம் ஆறுதலும் பட்டுக்கொண்டார்.

தம்பி நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார்.

"அது ஒரு தரிசனம்ணே. நாட்டைப் பறிகொடுத்து, அடிமையாப் போன ஜனங்களுக்குச் சொன்னது. திரும்ப ஊர் போய்ச் சேருவீங்கன்னு, அவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்ன உருவகம். ஒரு வீட்டுல செத்த ஒரு குழந்தையைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல."

"படிச்சுப் படிச்சு மரத்துப்போன மனசுக்கு அது புரியாதுடா! விசுவாசம் வேணும்!"

"யார் எழுதினாங்க, எப்ப எழுதினாங்க, யாருக்கு எழுதினாங்கன்னு பாக்காம, நமக்கு வேணுங்கிறதை அதுக்குள்ள திணிக்கலாமாண்ணே? தப்பில்லையா?" தம்பியின் குரல் உடைந்தது. "அண்ணி பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. பெத்தவ ஒரு தடவை பிள்ளையைத் தொட்டுப் பாக்கட்டும்ணே. போதும். திறங்க."

உள்ளே ஒரு பெருமூச்சும் அதன் பின்னே விசும்பலும் கேட்டன.

தாழ்ப்பாள் விலகியது.

தாய் விழுந்தடித்து உள்ளே ஓடினாள். அவள் போட்ட அலறலில் தச்சருக்கே கண் கலங்கிவிட்டது. சட்டைப் பையில் கிடந்த ஆணிகள் சத்தம் போடாதபடி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்த அண்ணன் நிற்க முடியாமல் தம்பியின் தோளில் சரிந்தார்.

"இப்படியெல்லாம் பேச எங்கேடா கத்துக்கிட்டே?"

"உங்ககிட்டதாண்ணே. எல்லாம் உங்க காலேஜ் பாடம். ஞாயித்துக்கிழமை தவறாம எனக்கு நடத்துவீங்களே."

தச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"நீ ஒருநாளும் அதை ஒத்துக்கிட்டதில்லையேடா" என்று பேராசிரியர் தம்பியின் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். "இப்ப நம்புறியா?"

"ஒரு வார்த்தைகூட நம்பலண்ணே. பாப்பா எந்திரிச்சிடணும், எந்திரிச்சிடணும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டேதான் அத்தனையும் பேசினேன்" என்றார், தெருத்தெருவாகப் பிரசங்கித்துக் கட்டிப்போன தொண்டையில், தம்பி.