ஏழுக்கு ஏழு

“ஒளி எவரையும் மறப்பதில்லை” என்று நினைவுக்கூடத்தின் வாசலில் ஆளுயரப் பொன்னெழுத்து மின்னுகிறது. அதன் கீழே, ஏ.சி. வீணாகிறது, கதவைச் சாத்தவும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. துக்கம் என்றால் இருட்டு என்று வடிவமைப்பாளர் முடிவுசெய்துவிட்டதால், உள்ளே வருகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நகர்கிறார்கள். தையல் ஆலைத் தீயில் இறந்துபோன ஐம்பது பேருக்காகக் கூரையிலிருந்து கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. அந்த ஆலையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்த மகளைப் பறிகொடுத்த அம்மாள் ஒருத்தி அண்ணாந்து நின்று, விரல் மடக்கி, மூன்றாம் முறையாக எண்ணி முடிக்கிறாள். “ஏம்மா, நாப்பத்தொம்பதுதானே இருக்கு?” டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்தபடி வழிகாட்டிப் பெண் சொல்கிறாள்: “ஏழுக்கு ஏழு கட்டங்க. இன்னொண்ணு வச்சா கோணலாயிடும்னு விட்டுட்டாங்க. ஆளுக்கு ஒண்ணுன்னு இல்ல, எல்லாம் சேர்ந்து ஒரு குறியீடு.” “சரி, அந்தக் குறியீட்டுல விட்டுப்போனது யாரு?” “யாரும் இல்லைங்க.” “யாரோ ஒருத்தர் விட்டுப்போகாம எப்படி ஒண்ணு குறையும்? மத்த வீட்டுக்காரங்க யாரும் கேக்கலையா?” “எல்லாரும் எண்ணுறாங்க. எண்ணி முடிச்சதும், விட்டுப்போனது எம் புள்ளதான்னு எல்லாருமே அழறாங்க.” மடக்கிய விரல்களைப் பிரிக்காமல் அம்மாள் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மௌனம் காக்கும்படி ஒலிபெருக்கி உரக்கக் கத்துகிறது. விளக்குகள் ஐம்பதாகத்தான் வாங்கப்பட்டன. மிஞ்சிய ஒன்று கழிப்பறைக்குப் போகும் நடையில் எரிகிறது.