சேர்த்து மாட்டினால்

"புது விதிப்படி இறக்கை தனி, மோட்டார் தனின்னு சோதிக்க மாட்டோம் ஐயா. சேர்த்து மாட்டி, முழு ஃபேனா ஓட்டி, எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பார்ப்போம்" என்றார் சோதனைக்கூட அதிகாரி.

இறக்கை என் பட்டறையில் செய்தது. மோட்டார், சுவருக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையில் செய்தது. தேறாவிட்டால் அந்த ராட்சத ஆலை விசிறியை இனி விற்க முடியாது.

"அந்த ஆளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"பெரிய மனுஷர் முதல்ல இறக்கையை ஒழுங்கா வளைக்கட்டும்னு சொல்லுங்க" என்றார் மோட்டார்க்காரர், அவரும் அதிகாரியைப் பார்த்தே.

விசிறி ஓடியது. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"தனித்தனியா ரெண்டும் தங்கம். சேர்ந்தா தேறல. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினா சரிபண்ணிடலாம். இல்லேன்னா ஆளுக்கொரு வெளிக் கம்பெனியோட சேர்ந்துக்குங்க. ஆனா ஃபேன்ல இருக்கிற இந்தப் பேரு போயிடும்."

இறங்கிப் போய்ப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"போகட்டும்" என்றோம் இருவரும், ஒரே குரலில்.

அது எங்கள் அப்பாவின் பெயர். அவர் போன பிறகு நானும் என் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.