நடுக்கொடி

கானா நாட்டின் குமாசி நகரில் பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் வீட்டு முற்றத்தில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆஃப்ரியே தன் பருத்தி உள்ளாடைகளை உதறி, எல்லார் கண்ணிலும் படும் நடுக்கொடியில் போடுகிறாள். ஃபுஃபு களிக்காக வெந்த கிழங்கை இடித்துக்கொண்டிருக்கும் நாத்தனார் டூஃபியின் உலக்கை நிற்கிறது. "ஏன்டி, ஆம்பளைங்க நடமாடுற இடத்துல கொடியேத்துறியா? வேற துணிக்கு அடியில மறைச்சுப் போடு." "மறைச்சு மறைச்சு ஈரத்தோட உடுத்திதான் அக்கா அரிப்பு விடாம வந்துச்சு. நர்ஸ் மருந்து குடுத்துட்டு, உள்ள வாசனை சோப்பு போடாத, வெளியில தண்ணி ஊத்திக் கழுவுனா போதும், துணி வெயில்ல காயட்டும்னாங்க. அப்புறம் அரிப்பு வரவே இல்ல." டூஃபி உலக்கையைச் சாய்த்துவைக்கிறாள். கிட்டே வந்து, சற்றும் குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறாள்: "கொஞ்சம் தள்ளிப் போடு. எனக்கும் இடம் வேணும்."