கிராணியின் டர்போ

"அவர் சொல்ற மாதிரியே மாட்டிக் குடுத்துடுங்கண்ணே," என்றாள் நீலாவதி. லிங்கியில் கார்ப் பட்டறை வைத்திருந்த வீரமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"நீயுமா தங்கச்சி? மறுபடியும் சொல்றேன், கேட்டுக்க. டர்போ காத்த அமுக்கி, குழாய் வழியா இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூடணும். இந்தச் சின்ன இன்ஜெக்டர் முழுசாத் தொறந்து ஊத்தினாலும் பத்தாது. சூடு ஏறி பிஸ்டன் உருகிடும் லா."

அவள் கணவன் அமிர்தலிங்கம் சிரித்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மோட்டார் பத்திரிகை மூன்றைத் தலா இரண்டு முறை படித்தவன். "அதெல்லாம் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் பாத்துக்கும்ணே. நீங்க கார்பரேட்டர் காலத்து ஆளு."

"பெரிய இன்ஜெக்டராவது போடுங்க. கோலாலம்பூர்ல சொல்லி வச்சா ஒரு மாசத்துல வந்துடும்."

"பந்தயம் இந்த ஞாயித்துக்கெழம!"

பந்தயம் அவன் தங்கை புருஷன் இராஜமாணிக்கத்தோடு. கெமாஸில் இருக்கும் அவனிடமும் இதே ரகச் சின்னக் கார்தான். அதில் டர்போ ஏற்றிக்கொண்டு வந்தவன், குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னான்: "மச்சான், உங்க காரு ஆபீஸ் ஃபைல் மாதிரி லா. யாராச்சும் தள்ளினாத்தான் நகரும்."

நீலாவதியின் கவலை வேறு. நீலாயில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவளுக்குக் காலை ஷிப்ட். தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது. அமிர்தலிங்கம் 'டியூனிங்' செய்த கார் இரண்டு தடவை பாதி வழியில் நின்று, இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று. மூன்றாவது தடவை நின்றால் கடிதம் கிடையாது, நேராக வீட்டுக்கு.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். எட்டு வருஷத்தில் நாலு தடவை சொல்லிப் பார்த்தவள்தான். அவன் கத்தமாட்டான். மூன்று நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான்காம் நாள் நினைத்ததைச் செய்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிடுவான்.

வியாழக்கிழமை கார் வீட்டுக்கு வந்தது. பெடலை மிதித்ததும் ஊய்ங் என்று அது ஊளையிட்டதில் தொழிலாளர் லயத்து நாய்கள் எல்லாம் ஓடின. மேனேஜர் முன்னால் 'யெஸ் சார்' தவிர வேறு வார்த்தை பேசியறியாத மனிதன், ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி மூன்று தடவை மிதித்தான்.

ஒவ்வொரு ஊளைக்கும் அவன் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதை நீலாவதி கவனித்தாள். பாவமாக இருந்தது. பாவம் என்று நினைத்த தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

"பாத்தியா, டர்போ ஏத்தியும் பெட்ரோல் ஒரு சொட்டு அதிகமா குடிக்கல," என்றான் சனிக்கிழமை. "இதுக்குப் பேர்தான் டியூனிங். உங்கண்ணன் வீரமுத்துவுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?"

ஞாயிறு காலை, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் இரண்டு கார்களும் கிளம்பின. இராஜமாணிக்கத்தின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. அமிர்தலிங்கத்தின் கார் பின்னால் ஊளையிட்டுக்கொண்டே போனது. சத்தத்தில் மட்டும் அதுதான் முன்னால்.

இரண்டாவது வளைவில் டம்மென்று ஒரு சத்தம். இராஜமாணிக்கத்தின் கார் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. அமிர்தலிங்கம் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டியபடி, தினமும் போகிற அதே வேகத்தில் அதைக் கடந்து போய் ஜெயித்தான்.

இராஜமாணிக்கம் உருகிப்போன பிஸ்டனுக்காகத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, அவன் மனைவி மங்கம்மா அண்ணனிடம் கேட்டாள். "அதே காரு, அதே டர்போ, அதே சின்ன இன்ஜெக்டர். ஒன்னோடது மட்டும் எப்படிண்ணே தாங்குச்சு?"

"கார்ல என்னம்மா இருக்கு? ஓட்டுற கையில இருக்கு," என்றான் அமிர்தலிங்கம். "நான் பின்னால வர்ற சத்தத்தக் கேட்டே ஒம் புருஷன் இன்ஜின் பயந்துடுச்சு."

எல்லோரும் நீலாவதியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் ஜெயித்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஐந்து நிமிஷம் முன்னதாகவே நீலாய் தொழிற்சாலையில் வருகைக் கார்டு அடித்தாள். வேலை முடிந்து திரும்பும் வழியில் காரைப் பட்டறையில் நிறுத்தினாள்.

"அவருக்கு இன்னும் வேகம் பத்தலையாம்ணே. டர்போவ இன்னும் கொஞ்சம் ஏத்தி வைக்கச் சொன்னாரு."

வீரமுத்து பானட்டைத் திறந்து, ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "நீ என்னா சொல்ற தங்கச்சி? ஏத்தணுமா?"

"வேணாம்ணே. டர்போ குழாய அடைச்சு வைக்கச் சொன்னேன்ல, அந்த அடைப்பு கழண்டுடாம இருக்கான்னு மட்டும் பாருங்க."