விட்டுப் போனவன்

காதலன் கைவிட்டுப் போனதைப் பற்றி ஷெரின் எழுதிப் பாடிய பாட்டு, வெளியான வாரத்திலேயே ஊரெங்கும் ஒலித்தது. பட்ட வலியைத் தவிர இதில் வேறு எதுவுமில்லை என்று ஒரு விமர்சகர் எழுதினார். பெயர் தெரியாத அந்த ஆணைத் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றார் இன்னொருவர். ஷெரின் இரண்டுக்கும் நன்றி சொன்னாள். உண்மையில் விட்டுப் போனது அவள்தான். நிச்சயதார்த்தப் புடவை எடுத்த பிறகு ஜெபினிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வந்தவள். ஆனால் அப்படி எழுதியபோது பாட்டு அமையவில்லை. பெயரைச் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு மாலை நாகர்கோவிலிலிருந்து ஜெபினின் அம்மா ஸ்டெல்லா அழைத்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் ஷெரின் போனை எடுத்தாள்.

"மக்களே, பாட்டு கேட்டேன். நீதான் வேண்டாம்னு போனேன்னு நெனச்சு ஒன்னய எவ்வளவு ஏசியிருக்கேன்! இவன் இப்பிடிச் செய்வான்னு நான் நெனைக்கவே இல்ல."

"ஆன்ட்டி, ஜெபின் என்ன சொன்னான்?"

"கேட்டேன். 'ஆமாம்மா, தப்பு என் பேர்லதான்'னு சொல்லிட்டு, பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டான். அன்னையிலருந்து நான் அவன்கிட்ட பேசல்ல. அவனுக்காக நான் கேக்கேன், எங்கள மன்னிச்சிரு மக்களே."

ஷெரின் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சியபடி காத்திருந்தார்.

"பரவால்ல ஆன்ட்டி," என்றாள் ஷெரின். "மன்னிச்சிட்டேன்."