ஸ்வீடன் இசைத்தட்டும் சின்ன அறையும்

கறுப்புச் சட்டை அணிந்த இருவர், துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல் ஓசையின்றி உள்ளே நுழைந்தனர். வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"எப்ப வந்துச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் பல் மருத்துவர்.

"காலையில."

"பெட்டியத் திறந்தாச்சா?"

"நீங்க ரெண்டு பேரும் வராம எப்படித் திறக்கறது?"

பேருந்து ஓட்டுநர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "முகத்தக் காட்டுங்கண்ணே."

வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்தது ஓர் இசைத்தட்டு. ஸ்வீடன் நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரில், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத நால்வர், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் பதிவுசெய்த 'டெத் மெட்டல்' என்னும் உறுமல் இசை. உறையில் குழுவின் பெயர் மரவேர்களைப் பின்னிவிட்டதுபோல் எழுதப்பட்டிருந்தமையால், அதை இன்றுவரை எவரும் படித்ததில்லை.

"இத வாங்கினவங்க உலகத்துலயே நூறு பேருதான் இருப்பாங்க" என்றார் வீட்டுக்காரர் பெருமையுடன்.

"அதுல தொண்ணூத்தொம்பது பேரு வித்துட்டாங்க போல" என்றார் மருத்துவர்.

மூவரும் சிரித்தனர். தங்கள் கூட்டத்துக்குக் 'காது கெட்டோர் கழகம்' என்று பெயர் சூட்டியவர்களும் அவர்களேதாம். ஊரார் வைப்பதற்குள் தாமே வைத்துக்கொள்வது மரியாதை என்பது அவர்களின் கருத்து.

சமையலறையிலிருந்து வீட்டுக்காரரின் மனைவி வந்தார். கணக்கு ஆசிரியை. "பேசினது ஞாபகம் இருக்குல்ல?"

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு சின்ன அறை. அதைக் கணவரின் இசைத்தட்டுகள் கூரைவரை அடைத்திருந்ததால், மாலையில் பாடம் படிக்க வரும் பிள்ளைகளை ஆசிரியை மாடிப்படிகளில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். இன்று ஒலிக்கப்போகும் தட்டில் ஒரு நிமிடமாவது அவருக்குப் பிடித்துவிட்டால் அறை கணவருக்கு; பிடிக்காவிட்டால் தட்டுகள் யாவும் பரணுக்கு. இதுவே ஒப்பந்தம்.

"பிடிச்சா பிடிச்சதுன்னு சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

"அதாம்மா எனக்குப் பயமே" என்றார் கணவர்.

புதிய தட்டின் பொருட்டு, ஒலிபெருக்கிகளின் கம்பிகளைக் கழற்றி, அவற்றை அன்று காலையில்தான் சுவரோரத்திலிருந்து கூடத்தின் நடுவே இழுத்து வைத்திருந்தார். தட்டு சுழன்றது; ஊசி இறங்கியது. கழக விதிப்படி நால்வரும் கண்களை மூடிக்கொண்டனர்.

சிறிது நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தொடங்கியது, பல்லின் வேர்வரை இறங்கும் ஒரு கரகரப்பு.

"ஆகா!" என்றார் மருத்துவர். "இந்தச் சத்தத்துக்குத்தான் என் கிளினிக்ல ஆளுங்க எழுந்து ஓடுறாங்க. நான் லீவு நாள்ல தேடி வந்து கேக்குறேன், பாருங்க என் தலையெழுத்த."

"பாடுறவன் குரலே வரலையே, டாக்டரே?"

"கிட்டாருக்குள்ள புதைச்சு வச்சிருக்காங்க. நாமதான் தேடணும்."

ஓட்டுநர் தேடினார். "என் பஸ்ஸும் ரெண்டாவது கியர்ல இப்படியேதான் பாடுச்சு. கலை தெரியாம ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டேன்."

இரண்டு அடி விழுந்தது. ஓர் இடைவெளி. மீண்டும் ஓர் அடி.

"தாளம் தப்புதே?" என்றார் ஆசிரியை.

"தப்புறதுதான் அண்ணி அழகே!" என்று மருத்துவரும் ஓட்டுநரும் ஒரே குரலில் அடக்கினர்.

வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து மனைவியை நோக்கினார். அவர் நெற்றி சுருங்கியிருந்தது. பதறிப்போய், ஒலியைக் குறைக்கும் குமிழை மெல்லத் திருகினார். ஒலி இம்மியும் குறையவில்லை.

"ஸ்வீடன்காரன் பதிவு. நம்ம சொல்லுக்கு அடங்குவானா?" என்று முணுமுணுத்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

கரகரப்பு தாழ்ந்தது, எழுந்தது, ஒரே இழுப்பாக நீண்டு உச்சத்துக்குப் போனது. சட்டென்று நின்றது. ஊசி இன்னும் தட்டின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

"மௌனம்!" என்றார் மருத்துவர் உடல் சிலிர்க்க. "நடுப்பாட்டுல நிறுத்துறதுக்கு என்ன துணிச்சல் வேணும்!"

ஆசிரியை கண்களைத் திறந்தார். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

"கடைசியா நீளமா இழுத்தாங்களே..." என்று தயங்கினார். "அது என்னமோ நெஞ்சுக்குள்ள இறங்குன மாதிரி இருந்துச்சு. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நல்லா இருந்துச்சுங்க. ரூம் உங்களுக்கே."

ஓட்டுநர் துள்ளி எழுந்து மருத்துவரைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் இசைத்தட்டின் உறையை மார்போடு அணைத்துக்கொண்டார். திருமணமான நாள்முதல் தம் ரசனையைப் பற்றி இப்படியொரு சொல்லை அவர் மனைவியிடம் கேட்டதில்லை.

அழைப்புமணி ஒலித்தது. அக்கம்பக்கத்துப் புகாராகத்தான் இருக்கும் என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். தலைமுதல் கால்வரை மரத்தூள் படிந்த ஒருவர் வெளியே நின்றிருந்தார்.

"சத்தந்தானே? இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க" என்றார் வீட்டுக்காரர் பெருந்தன்மையுடன்.

"அதத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். மாடி வீட்டு அலமாரிக்கு இன்னும் ரெண்டே பலகைதான் அறுக்கணும்."